இஸ்கான் வெள்ளைக்காரர்களிடம் இவ்வளவு வளர்ந்தது எப்படி? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

வாட்ஃபோர்டு_வரதன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் குடிவந்து அதிக நாளாகவில்லை. வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் பக்திவேதாந்த மேனர், ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானின் கோயில். போன ஞாயிறு குழந்தைகளோடு போயிருந்தோம். ஆரத்தி காட்டியவர் ஓர் ஆங்கிலேயர், எழுபது வயது இருக்கும். பஞ்சகச்சம், பூணூல், நெற்றியில் கோபி சந்தனம். இடது கையில் மணி நிற்காமல் ஒலிக்க, வலது கையால் தூபத்தைச் சுற்றிய லாவகத்தை எங்கள் ஊர்க் கோயிலில்கூட நான் பார்த்ததில்லை. தீர்த்தம் கொடுக்கும்போது என் பெண்ணிடம் அசல் லண்டன் பேச்சில் ஏதோ கிண்டலாகச் சொன்னார். அவள் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதை அப்பாவிடம் வீடியோ காலில் சொன்னது வம்பாகிவிட்டது. அப்பா கும்பகோணம், வடகலை, தினமும் திருவாராதனம் செய்கிறவர். "அது ஹிப்பிப் பசங்க கூத்தடிச்சு ஆரம்பிச்சதுடா. நம்ம சம்பிரதாயமும் இல்லை. குழந்தைகளைக் கூட்டிண்டு போகாதே" என்கிறார். அடுத்த மாதம் இங்கே வரப்போகிறார். வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் இதே வழக்குதான்.

நான் கேட்பது இரண்டு. இது உண்மையிலேயே ஹிப்பிக் காலத்து மோகமாக இருந்தால் மற்ற மோகங்கள் போன மாதிரி இதுவும் போயிருக்க வேண்டாமா? இரண்டாவது, நம் வைணவத்துக்கும் இவர்களுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கூகுள் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், பண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்_சேகர் எழுதியது:

இதில் என்ன பெரிய ஆராய்ச்சி? பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டுப் போட்டார், மாளிகை வாங்கிக் கொடுத்தார், வளர்ந்துவிட்டது. நமக்கும் ஒரு ராக் ஸ்டார் கிடைத்திருந்தால் ஈஸ்ட்ஹாமில் ஆயிரங்கால் மண்டபமே கட்டியிருப்போம்.

ஹாரோ_மைதிலி எழுதியது:

தம்பி வரதன், நான் 1981இல் கல்யாணமாகி ஹாரோவுக்கு வந்தவள். அப்போதிலிருந்து மேனருக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். தீட்சை வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். திருவிழா என்றால் காய் நறுக்கப் போவேன், அவ்வளவுதான். ஆகையால் இரண்டு பக்கத்துக்கும் வக்காலத்து இல்லாமல் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சேகருக்கு. ஹாரிசன் இல்லாவிட்டால் மேனர் இல்லை, வாஸ்தவம். ஆனால் 1968இல் பீட்டில்ஸ் நாலு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு ரிஷிகேஷுக்குப் போனது மகரிஷி மகேஷ் யோகியிடம். பாட்டுக்காரர் தயவு ஒன்றே போதும் என்றால் அங்கே அல்லவா கூட்டம் நின்றிருக்க வேண்டும்? ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் குளிரில் விடியற்காலை நாலரைக்கு மங்கள ஆரத்திக்கு ஆள் வருவதற்குக் காரணம் வேறு.

அதைச் சொல்ல 1933க்குப் போக வேண்டும். இஸ்கானை ஆரம்பித்த பிரபுபாதரின் குரு பக்திசித்தாந்த சரஸ்வதி, வங்காள வைணவர்களின் கௌடீய மடத்தை நடத்தியவர். அவர் அந்த வருஷமே லண்டனுக்குச் சீடர்களை அனுப்பினார். வந்தவர்கள் பெரிய இடத்து வாசல்களைத் தட்டினார்கள். வங்காளத்தில் கவர்னராக இருந்த ஜெட்லண்ட் பிரபு அவர்கள் அமைத்த சங்கத்துக்குத் தலைவராகக்கூட இருந்தார். அந்தப் பிரபுவைப் பற்றி ஒரு கதையை பிரபுபாதர் தம் சொற்பொழிவுகளில் திரும்பத் திரும்பச் சொல்வார். "என்னை பிராமணனாக்க முடியுமா?" என்று பிரபு கேட்டாராம். "தாராளமாக. மாமிசம், போதை, சூதாட்டம், முறை தவறிய சேர்க்கை நாலையும் விட்டுவிடுங்கள்" என்றார்களாம். "அது நடக்கிற காரியமில்லை" என்று எழுந்துவிட்டாராம் பிரபு. அந்த முயற்சி லண்டனில் வேரே பிடிக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே நாலு நிபந்தனைகளோடு பிரபுபாதர் கப்பலேறினார். 69 வயது. மருந்து வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட கல்கத்தாக்காரர், 1959இல் சந்நியாசம் வாங்கியவர். சிந்தியா கப்பல் கம்பெனியின் சுமதி மொரார்ஜி ஜலதூதா என்ற சரக்குக் கப்பலில் இலவசமாக இடம் கொடுத்தார். நடுக்கடலில் இரண்டு முறை மாரடைப்பு. 1965 செப்டம்பர் 17 அன்று பாஸ்டன் துறைமுகம். கையில் நாற்பது ரூபாய், அங்கே ஒரு கப் பால்கூட வாங்க முடியாத நாற்பது ரூபாய். தானே மொழிபெயர்த்து அச்சடித்த பாகவதம் முதல் ஸ்கந்தம் பெட்டி பெட்டியாக இருந்தது. நியூயார்க்கில் அதை விற்றுத்தான் காலம் தள்ளினார்.

இவர் பிரபுக்களைத் தேடிப் போகவில்லை. போக வழியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிகாரர்கள் நடைபாதையில் விழுந்து கிடந்த பவரி தெருவில் ஒரு மாடி, பிறகு 26, செகண்ட் அவென்யூவில் ஒரு கடை அறை. முன்பிருந்த கடையின் பெயர்ப்பலகையைக்கூட இறக்கவில்லை. 1966 ஜூலையில் இஸ்கான் என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். அக்டோபரில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஒரு மரத்தடியில் ஒரு சிறிய மேளத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வந்து சேர்ந்த பையன்களுக்குத் தன் கையால் சப்பாத்தி இட்டு, பருப்பு வைத்து, சாதம் போட்டார்.

விவேகானந்தர் 1893இல் கொண்டுபோன வேதாந்தத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கலாம். இவர் கொண்டுபோனதில் உட்கார விடவே மாட்டார்கள். எழுந்திரு, குளி, ஆடு, பாடு, பாத்திரம் தேய், பதினாறு மாலை ஜபி. மாலைக்கு 108, ஆக நாளைக்கு 1,728 தடவை மகாமந்திரம். போதை என்ற கணக்கில் காபியும் டீயும் சேர்த்தி. நான் தீட்சை வரிசையிலிருந்து நகர்ந்தது அந்த இடத்தில்தான். டிகிரி காபி இல்லாத வைகுண்டம் எனக்கு அவசரமில்லை.

இவ்வளவு கெடுபிடி இருந்தும் வளர்ந்ததே என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். கெடுபிடியால்தான் வளர்ந்தது என்பது என் கட்சி. அந்தப் பையன்கள் எதற்கும் தடையில்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். போதை மருந்தை ருசி பார்த்தாயிற்று, வியட்நாமுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம் வேறு. அவர்களை உட்காரவைத்து "இதைச் செய், இதைத் தொடாதே" என்று உரிமையோடு சொன்ன முதல் பெரியவர் இவர். ஜெட்லண்ட் பிரபுவுக்கு இழப்பாகத் தெரிந்தது இவர்களுக்குப் பிடிமானமாகத் தெரிந்தது. அதோடு பிறப்பைக் கேட்காமல் பூணூல் போட்டார், பெண்களுக்கும் மந்திர தீட்சை கொடுத்தார், இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை நம்பி "போய் அடுத்த ஊரில் கோயில் ஆரம்பி" என்று அனுப்பினார். அந்த நம்பிக்கையால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது.

உங்கள் அப்பா சொல்லும் ஹிப்பிக் கூத்தும் நடந்ததுதான், மறைப்பானேன். 1967 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அவலான் பால்ரூமில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு வாசித்த மேடையில், கவி ஆலன் கின்ஸ்பெர்க் பக்கத்தில் நின்று ஆட, பிரபுபாதர் கையைத் தூக்கிக்கொண்டு நாமம் பாடினார். அதே ஊரில் ஓர் இறக்குமதிச் சாமான் கடையில் ஒரு சிஷ்யை வேடிக்கையான மரப்பொம்மை என்று வாங்கி வந்ததைப் பார்த்து சுவாமிகள் கை கூப்பித் தலையைத் தாழ்த்தினாராம். அது ஜகந்நாதர். கடையில் மற்ற இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி ஆளனுப்பி, பலராமரையும் சுபத்திரையையும் வாங்கி, பெரிதாகச் செதுக்க வைத்தார். அந்த ஜூலையிலேயே தேர். பூரிக்கு வெளியே, கடல் கடந்து ஓடிய ரதயாத்திரைகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

லண்டன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968இல் கலிபோர்னியாவிலிருந்து மூன்று இளம் தம்பதிகள் வந்தார்கள். 1969இல் ஹாரிசன் தயாரித்த ஹரே கிருஷ்ண மந்திர இசைத்தட்டு பிரிட்டனில் 12ஆம் இடம் வரை ஏறியது. பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்தில் பெரி பிளேஸில் கோயில் திறந்தார்கள், இடம் போதவில்லை. 1973இல் மேனர்.

ஆனால் யாரும் சேர்த்துப் பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவிலிருந்த ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்தான். பிரிட்டனுக்கு மட்டும் 25,000க்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும் பகுதி குஜராத்திகள். கடையும் வீடும் போச்சு, கையில் ஒரு பெட்டி. லெஸ்டர், வெம்ப்ளி, ஹாரோ என்று குடியேறினார்கள். அடுத்த வருஷமே பக்கத்துக் கிராமத்தில் ராதா கிருஷ்ணரை வைத்து ஒரு மாளிகை திறக்கிறது!

என் பக்கத்து வீட்டு பென் (குஜராத்தியில் அக்கா) உகாண்டாவின் கம்பாலாவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். நான் வந்த புதிதில் விம்பிள்டன் கணபதி கோயில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள், அதுவும் எங்களுக்கு ஊரின் மறுகோடி. பென்தான் என்னைத் தன் ஃபோர்டு எஸ்கார்ட்டில் மேனருக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்காரப் பூசாரியைப் பார்த்து நான் தயங்கி நின்றபோது, "டாக்டர் யாரென்று பார்த்துத்தான் மருந்து சாப்பிடுவாயா? சாமி நம்ம சாமி, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமாள் அமுது செய்யும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது நம் வீட்டிலும் உண்டு. அங்கே வாசனை பிடிப்பதும் கூடாது. தலைமைச் சமையல்காரர் யார்க்‌ஷயர்க்காரர், என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. உள்ளங்கையைக் குழித்து உப்பை அள்ளுவார், ஒரு நொடி எடை பார்ப்பார், ஒரு சிட்டிகையைத் திரும்ப டப்பாவில் உதிர்த்துவிட்டு மீதியை அண்டாவில் சுற்றி வீசுவார். ஒரு தடவை பென் நெய்யில் சீரகமும் பெருங்காயமும் பொரியும்போது "ஆஹா" என்று மூச்சை இழுத்தார். "மாதாஜி, முகராதீர்கள், அது இன்னும் உங்களுடையது இல்லை" என்றார் அந்த மனுஷர், கரண்டியை நிறுத்தாமலே. என் மாமியார் எத்தனையோ சட்டம் போட்டவர், மூக்குக்குப் போட்டதில்லை. சாம்பாரில் உப்பு ஒரு நாளும் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

பிறகு வழக்கு. ஜன்மாஷ்டமிக் கூட்டம் லெட்ச்மோர் ஹீத் என்ற குட்டிக் கிராமத்தின் ஒற்றைத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். குளத்தங்கரையில் கார்கள் வரிசை கட்டி நின்றால் அந்த ஜனங்களுக்கு எரிச்சல் வராதா? அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. உள்ளூர் கவுன்சில் பொது வழிபாட்டை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. வருஷக்கணக்கில் முறையீடு. 1994 மார்ச்சில் மத்திய லண்டனில் ஊர்வலம். புடவை மேல் ஓவர்கோட்டு, கோட்டுக்குக் கீழே ஸ்வெட்டர், காலில் ஷூ என்று ஆயிரக்கணக்கான மாமிகளும் பென்களும் நாடாளுமன்றம் நோக்கி நடந்தோம். குஜராத்திக் கடைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். 1996இல் அமைச்சர் ஜான் கம்மர் கிராமத்தைத் தொடாமல் வயல் வழியாகப் புதுப் பாதை போட அனுமதி கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த ஊர்வலத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்த விதியின் கீழ் எந்த அதிகாரிக்கு எப்படி மனு எழுதுவது என்று தெரிந்தவர்கள் வெள்ளைக்கார பக்தர்கள். தெருவை நிறைத்தவர்கள் நாங்கள். ஒருவரில்லாமல் மற்றவர் தோற்றிருப்போம். அமெரிக்காவிலும் ரோச்ஃபோர்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் இதையேதான் எழுதியிருக்கிறார்: வெள்ளையர்கள் ஆரம்பித்த இயக்கம், குடியேறிய இந்துக்களின் வருகையாலும் காணிக்கையாலும் நிலைத்தது என்று. அதற்கு வழிவிட்ட குடியேற்றச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3. சுவாமிகள் பாஸ்டனில் இறங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சம்பிரதாயக் கேள்விக்கு ராத்திரி வந்து எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாச்சு.

டல்லாஸ்_பாலா எழுதியது:

மைதிலி அம்மா, "கெட்டதும் நடந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வரதன் குழந்தைகளை அழைத்துப் போகிறவர், அதனால் நான் அதை விரித்துச் சொல்கிறேன்.

1977 நவம்பர் 14இல் பிரபுபாதர் மறைந்தார். சீடர்களில் பதினோரு பேர் உலகத்தையே வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொண்டு குரு பீடத்தில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷத்துக்குள் பாதிப் பேர் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். மேற்கு வர்ஜீனியாவில் தங்க மாளிகை கட்டிய நியூ விருந்தாவன் தலைவர் 1987இல் வெளியேற்றப்பட்டு, பிறகு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

அதைவிடக் கொடுமை குருகுலங்கள். முதல் குருகுலம் எங்கள் டல்லாஸில்தான், 1971இல். பெற்றோரைப் புத்தகம் விற்க விமான நிலையங்களுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பயிற்சியே இல்லாத இளைஞர்களிடம் விட்டார்கள். அடி, பட்டினி, பாலியல் கொடுமை. 1998இல் இயக்கத்தின் சொந்தப் பத்திரிகையே, நீங்கள் சொன்ன அதே ரோச்ஃபோர்டின் கட்டுரையை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. 2000இல் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். கோயில்கள் திவால் பாதுகாப்புக் கோரின. கடைசியில் 95 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

இந்தப் புத்தக விற்பனைதான் அன்று வளர்ச்சிக்கு எரிபொருள். வருமானத்தில் பாதி அடுத்த அச்சுக்கு, பாதி கோயிலுக்கு என்பது சுவாமிகள் போட்ட கணக்கு. அது இருக்கும்வரை பணம் கொட்டியது, பயணிகளின் எரிச்சலும் சேர்ந்து கொட்டியது. 1992இல் நியூயார்க் விமான நிலைய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முனையத்துக்குள் காசு கேட்பதைத் தடுக்கலாம் என்றது. அதற்கு முன்பே விற்பனை படுத்திருந்தது, ஆசிரமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. ஆக "வளர்ச்சி" ஒரே ஏறுமுகம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நானும் ஞாயிறானால் இங்கே கோயிலுக்குப் போகிறேன்தான். 1982இல் திறந்த அவர்கள் உணவகத்தில் மரத்தடி முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும். என் மகனை ஞாயிறு வகுப்பில் சேர்ப்பதற்கு முன் குழந்தைப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, ஆசிரியர்களின் பின்னணியைச் சரிபார்க்கிறார்களா, பெற்றோர் வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். நீங்களும் கேளுங்கள்.

ஸ்வான்சி_குமரன் எழுதியது:

வணக்கம் வரதன். நான் யாழ்ப்பாணம், இப்ப வேல்ஸிலை இருக்கிறன். இஸ்கானைப் பற்றி எனக்குப் பெரிசாத் தெரியாது. ஆனா வெள்ளைக்காரர் பக்தி எண்டால் எங்கட பக்கம் வந்து ஸ்கந்த வேல் (Skanda Vale) எண்ட ஆசிரமத்தைப் பாருங்கோ. 1973இலை இலங்கையிலை பிறந்த குரு சுப்பிரமணியம் தொடங்கினது. மலையும் காடுமான இடம். முருகனுக்கு ஒரு கோயில், சக்திக்கு ஒண்டு, ரங்கநாதருக்கு ஒண்டு. பூசை செய்யிறது, மாடு பாக்கிறது, சனத்துக்குச் சோறு போடுறது எல்லாம் பெரும்பாலும் மேற்கத்தியச் சாமிமார். சனி ஞாயிறிலை லண்டனிலையிருந்து எங்கட சனம் பஸ் பிடிச்சு வரும்.

2007இலை அங்கை சம்போ எண்ட எருதுக்குக் காசநோய்ப் பரிசோதனையிலை நோய் இருக்கெண்டு வந்து, அரசாங்கம் கொல்ல வேணும் எண்டது. முதல் கோர்ட்டிலை கோயில் வெண்டது, மேல் கோர்ட்டிலை தோத்தது. பொலிஸ் வந்து கொண்டுபோகேக்கை அந்த வெள்ளைக்காரச் சாமிமார் கொட்டிலைச் சுத்தி நிண்டு பாடினவை. நான் டிவியிலை பாத்தனான். எங்கட வீட்டிலை அண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடேல்லை.

ரஷ்யாவிலை, ஜெர்மனியிலை எல்லாம் இப்பிடிக் கோயில் கேஸ் நடந்திருக்கு எண்டு சொல்லுவினம். வேல்ஸ் கதை நான் பக்கத்திலை இருந்து பாத்தது, அதாலை எழுதினன்.

ஹாரோ_மைதிலி எழுதியது:

பாலா எழுதியது அத்தனையும் சரி. காய் நறுக்குகிற எங்களிடமும் இப்போது படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். நல்லதுதான்.

வரதன், இது அப்பாவுக்கு. இவர்கள் சம்பிரதாயத்துக்கு மூலவரான வங்காளத்துச் சைதன்யர் (1486–1534) தென்னாட்டு யாத்திரை வந்தபோது சாதுர்மாஸ்யம் நாலு மாதமும் தங்கிய இடம் ஸ்ரீரங்கம். வேங்கட பட்டர் என்ற ஸ்ரீவைஷ்ணவர் அகம். அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர் பிற்பாடு விருந்தாவனம் போய், சைதன்யர் வழிவந்த கௌடீயர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். அங்கே இருக்கும் ராதாரமணர் கோயில் அவர் ஸ்தாபித்தது. அவர்களுடைய ஆராதனை, விரதம், ஏகாதசி விதிகளுக்கெல்லாம் ஆதாரமான ஹரிபக்தி விலாசம் அவர் பெயரில் வழங்குகிறது. ஆக, அந்த மாளிகையில் நடக்கும் பூஜை முறையில் ஸ்ரீரங்கத்துக் கை இருக்கிறது.

இன்னொன்று. எல்லா இஸ்கான் கோயிலிலும் காலையில் திரை விலகும்போது "கோவிந்தம் ஆதிபுருஷம்" ஒலிக்கும், கேட்டிருப்பீர்கள். ஓர் அமெரிக்க சிஷ்யை பாடி, ஹாரிசன் தயாரித்தது. ஸ்லோகங்கள் பிரம்ம சம்ஹிதையில் உள்ளவை. அந்தச் சுவடி சைதன்யருக்குக் கிடைத்த இடம் ஆதிகேசவப் பெருமாள் கோயில் என்று அவர் வாழ்க்கையைச் சொல்லும் சைதன்ய சரிதாம்ருதம் சொல்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறுதான் அது என்பார்கள். பீட்டில்ஸின் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் தட்டில் சுற்றியது திருவட்டாற்றுச் சுவடி!

ஆனால் வித்தியாசத்தை மூடி மறைத்து அப்பாவை அழைத்துப் போகாதீர்கள், அங்கே போய்த் தெரிந்தால் கோபம் இரட்டிப்பாகும். அவர்கள் குரு பரம்பரையை மத்வர் வழியாகச் சொல்வார்கள். கிருஷ்ணர்தான் மூலம், நாராயணன் அவருடைய விரிவு என்பார்கள். நமக்கு அது தலைகீழ். இந்தச் சண்டை வேங்கட பட்டர் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தாயிற்று. "உங்கள் லக்ஷ்மி திருமார்பை விட்டு இறங்காத பதிவிரதை ஆயிற்றே, அவள் ஏன் இடையனோடு ராஸத்தில் சேரத் தவம் இருந்தாள்?" என்று சைதன்யர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். "இருவரும் ஒருவர்தானே, அதில் என்ன தோஷம்?" என்றார் பட்டர். "அப்படியானால் ஏன் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை?" என்று இவர் விடவில்லை. கதையை எழுதினவர்கள் அவர்கள் ஆள், ஆகையால் பட்டர் தோற்றுப்போகிறார். உங்கள் அப்பாவிடம் வேறு பதில் இருக்கும்.

வாட்ஃபோர்டு_வரதன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாலா சொன்ன கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறேன். மைதிலி மாமி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "திருவட்டாறு நம்மாழ்வார் மங்களாசாசனம் ஆன ஸ்தலம்டா, அங்கேர்ந்து எடுத்துண்டு போனான்னா போகட்டும்" என்று கொஞ்சம் இறங்கி வந்தார். தாயார் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "நேர்ல வந்து பேசிக்கறேன், அங்க சம்ஸ்கிருதம் தெரிஞ்சவா யார் இருக்கான்னு கேட்டு வை" என்று வைத்துவிட்டார். ஜன்மாஷ்டமி அன்று அழைத்துப் போகலாமா?

ஹாரோ_மைதிலி எழுதியது:

வேண்டவே வேண்டாம், வாதம் பண்ண இடம் கிடைக்காது. வார நாள் காலையில் போங்கள், வகுப்பு எடுப்பவர்கள் சாவகாசமாக இருப்பார்கள். ஹில்ஃபீல்டு லேனிலிருந்து தர்ம் மார்க் என்று பலகை இருக்கும், அதில் திரும்புங்கள். மேப் கிராமத்துக்குள் வழி காட்டினால் கேட்காதீர்கள்.